ஒவ்வாமையை ரத்தத்தில் பார்க்க சிடி63-ஆ, சிடி203சி-யா?

கேள்வியைச் சுருக்கிச் சொன்னால் இதுதான்: ஒருவருடைய ரத்தத்தில் ஒவ்வாமைப் பொருளைச் சேர்த்து, பேசோஃபில் என்ற அரிய வகை வெள்ளணுவின் மேற்பரப்பில் சிடி63 அல்லது சிடி203சி என்ற புரதம் கூடுகிறதா என்று, ஒளிரும் ஆன்டிபாடி ஒட்டிய அணுக்களை ஒவ்வொன்றாக அளக்கும் ஃப்ளோ சைட்டோமீட்டரில் பார்க்கிறார்கள். இரண்டில் எதை எடுப்பது, இரண்டும் வேறு வேறு பதில் சொன்னால் எதை நம்புவது?

நேரடிப் பதில்: ஒவ்வாமை உண்டா இல்லையா என்று தீர்ப்புச் சொல்ல சிடி63. பேசோஃபிலை அடையாளம் காணவும் துணைச் சாட்சியாகவும் சிடி203சி. இரண்டையும் ஒரே டியூபில் பார்க்க முடியும், பார்ப்பதே நல்லது. ஆனால் இவை ஒரே நிகழ்வை இரண்டு விதமாக அளப்பவை அல்ல. அணுவுக்குள் நடக்கும் இரண்டு தனித்தனி நிகழ்வுகளைக் காட்டுபவை. இது பிடிபட்டுவிட்டால் பஃபரில் (ரத்தத்தோடு கலக்கும் கரைசலில்) என்ன சேர்ப்பது, எத்தனை நிமிடம் வைப்பது, எண்ணை எப்படி எழுதுவது என்ற மற்ற முடிவுகள் தானாக வந்துவிடும்.

பேசோஃபிலின் மேற்பரப்பில் எஃப்சி எப்சிலான் ஆர்1 என்ற ஏற்பி இருக்கிறது. ஆளைப் பொறுத்து ஓர் அணுவில் சில ஆயிரம் முதல் சில லட்சம் வரை. இந்த ஏற்பிகளில் ஐஜிஇ என்ற, ஒவ்வாமையில் பங்குள்ள ஆன்டிபாடி முன்கூட்டியே உட்கார்ந்திருக்கும். ஒவ்வாமைப் பொருள் வந்து பக்கத்துப் பக்கத்து ஐஜிஇ-களை ஒன்றோடொன்று இணைக்கும்போதுதான் உள்ளே சமிக்ஞை கிளம்புகிறது. எஸ்ஒய்கே என்ற நொதி வேலை செய்து, கால்சியம் உள்ளே பாய்ந்து, ஹிஸ்டமின் நிறைந்த துகள்கள் அணுவின் வெளிச்சவ்வோடு இணைந்து தங்கள் சரக்கை வெளியே கொட்டுகின்றன. ஐஜிஇ வெறுமனே இருப்பதற்கும் அது அணுவை இயக்குவதற்கும் உள்ள தூரம் மிகப் பெரியது. ரத்தத்தில் ஐஜிஇ அளவு பார்க்கும் சாதாரணப் பரிசோதனை முதலாவதை மட்டும் சொல்கிறது. அதனால்தான் வேர்க்கடலைக்கு ஐஜிஇ இருந்தும் அதைத் தாராளமாகச் சாப்பிடும் குழந்தைகள் நிறையப் பேர் இருக்கிறார்கள். பேசோஃபில் சோதனை இரண்டாவதைக் கேட்கிறது: இந்த ஐஜிஇ, இந்த ஆளின் அணுவை, இந்த அளவுப் பொருளில் இயக்குமா?

சிடி63 ஓய்வில் இருக்கும் பேசோஃபிலில் துகள்களின் உட்சவ்வில் இருக்கிறது, வெளியே ஏறக்குறைய இல்லை. துகள் வெளிச்சவ்வோடு இணையும்போது அதன் சவ்வும் வெளிச்சவ்வின் பகுதியாகிவிடுகிறது, சிடி63 அப்படியே வெளியே தெரிகிறது. எனவே சிடி63 தெரிகிறது என்றால் துகள் உண்மையாகவே திறந்திருக்கிறது என்று பொருள். 1991-இல் இது பேசோஃபில் குறிப்பானாக விவரிக்கப்பட்டதிலிருந்து இந்தத் துறையின் பெரும்பகுதி இதன் மேல்தான் நிற்கிறது. இன்னொரு வசதி, அணுக்கள் தெளிவாக இரண்டு கூட்டமாகப் பிரியும்: திறந்தவை, திறக்காதவை. ஆகவே பதிலைச் சதவீதமாக எழுதலாம்.

சிடி203சி அப்படியல்ல. இது ஈஎன்பிபி3 என்ற நொதி. ரத்தத்தில் சுற்றும் முதிர்ந்த அணுக்களில் பேசோஃபிலில் மட்டும், ஓய்விலும் குறைந்த அளவில், மேற்பரப்பிலேயே இருக்கும். தூண்டப்பட்டால் சில நிமிடங்களில் கூடும். 5 நிமிடத்திலேயே ஏற்றம் தெரியத் தொடங்கும். சிடி63 உச்சத்துக்கு வர 15 முதல் 20 நிமிடம் பிடிக்கும். சிடி203சி கூடுவதற்குத் துகள் முழுதாகத் திறக்க வேண்டியதில்லை. அது கூடும்போது அணுக்கள் இரண்டாகப் பிரிவதும் இல்லை, வரைபடத்தில் கூட்டம் மொத்தமாக வலப்பக்கம், அதாவது கூடுதல் ஒளிர்வை நோக்கி, நகரும். அதில் ஒரு கோடு போட்டு "இத்தனை சதவீதம் பாசிட்டிவ்" என்று எழுதுவது அர்த்தமற்ற வேலை. தூண்டிய டியூபின் இடைநிலை ஒளிர்வைத் தூண்டாத டியூபின் ஒளிர்வால் வகுத்து, தூண்டல் குறியீடாக எழுத வேண்டும்.

இந்த இரண்டின் வேறுபாடு நடைமுறையில் கடிக்கும் இடம் இன்டர்லூகின்-3 என்ற, அணுக்களுக்குச் சமிக்ஞை தரும் புரதம். பல செய்முறைகளில் பஃபரில் மில்லிக்கு 2 நானோகிராம் அளவில் இதைச் சேர்ப்பார்கள், அணுவைத் தயார்படுத்தி சிடி63 பதிலைத் துலக்கமாக்குவதற்காக. குறுகிய நேரத்தில் இது தனியாக சிடி63-ஐ ஏற்றாது, ஆகவே சிடி63 பார்ப்பவருக்கு லாபம்தான். ஆனால் சிடி203சி-யை இது தானே ஏற்றிவிடும். நெகட்டிவ் கன்ட்ரோலின் (தூண்டாத டியூபின்) ஒளிர்வு உயர்ந்து, வகுக்கும் எண் பெரிதாகி, உண்மையான ஏற்றம் சுருங்கிப்போகும். சிடி203சி-யைச் செயலூக்கக் குறிப்பானாக வைத்தால் இன்டர்லூகின்-3 வேண்டாம். ஒரு ஆய்வகத்தின் பஃபரை எடுத்து இன்னொரு ஆய்வகத்தின் குறிப்பானோடு சேர்க்கும்போது அதிகம் தவறிப்போவது இதுதான்.

மற்ற குறிப்பான்கள்? சிடி107ஏ, சிடி63 போலவே துகள் திறப்பைக் காட்டும், ஆனால் சற்று மங்கலாக. சிடி13, சிடி164 ஆகியவை சிடி203சி போல வேகமாக ஏறுபவை. சிடி69 மெதுவானது, மணிக்கணக்கில் ஏறும், உடனடி ஒவ்வாமைக்கு உதவாது. துகளின் உள்ளடக்கத்தோடு ஒட்டும் அவிடினை ஒளிர்வூட்டிப் பயன்படுத்தும் முறையும் இருக்கிறது. நோயாளியின் ரத்தத்தில் ஒரு முடிவு வேண்டும் என்றால் இவற்றில் எதையும் முதல் தேர்வாக நான் சொல்ல மாட்டேன்.

அடுத்தது பேசோஃபிலைக் கண்டுபிடிப்பது. மொத்த வெள்ளணுக்களில் 1 சதவீதத்துக்கும் குறைவு இவை. தனியாகப் பிரித்தெடுக்கத் தேவையில்லை, முழு ரத்தத்திலேயே ஆன்டிபாடியால் தேடிக்கொள்ளலாம். மேற்பரப்புப் புரதங்களில் சிசிஆர்3 நல்ல பிரகாசமான குறிப்பான். ஆனால் அது ஈசினோஃபில் என்ற வேறு வகை வெள்ளணுவிலும் சில டி அணுக்களிலும் உண்டு. ஈசினோஃபிலின் பக்கவாட்டு ஒளிச்சிதறல் அதிகம் என்பதால் சிதறல் குறைந்த கூட்டத்தை மட்டும் எடுத்தால் அது விலகிவிடும். டி அணுக்களை சிடி3 வைத்து நீக்கலாம். சிடி123 பாசிட்டிவ், ஹெச்எல்ஏ-டிஆர் நெகட்டிவ் என்பது இன்னொரு பாதை. ஹெச்எல்ஏ-டிஆர் இல்லாமல் சிடி123 மட்டும் வைத்தால் பிளாஸ்மாசைட்டாய்டு டென்ட்ரைட்டிக் அணுக்களும் உள்ளே வந்துவிடும். சிஆர்டிஹெச்2 வைத்துத் தேடுபவர்கள், தூண்டலுக்குப் பின் அதன் அளவு மேற்பரப்பில் குறையும் என்பதை நினைவில் வைத்து கேட்டை (வரைபடத்தில் அணுக்களைத் தேர்ந்தெடுக்கும் எல்லையை) தளர்வாகப் போட வேண்டும், இல்லையென்றால் நன்றாகச் செயல்பட்ட அணுக்களே கேட்டுக்கு வெளியே போய்விடும். ஐஜிஇ-யை மட்டும் வைத்துத் தேடுவதை நான் தவிர்ப்பேன்: ஐஜிஇ குறைந்தவர்களில் கூட்டம் மங்கும், வேறு அணுக்களிலும் ஐஜிஇ ஒட்டியிருக்கும், அந்த ஆன்டிபாடியே ஏற்பிகளை இணைத்து அணுவை இயக்கவும் கூடும்.

இனி செய்முறை.

ரத்தத்தை ஹெப்பாரின் அல்லது ஈடிடிஏ என்ற உறைதல் தடுப்பான் உள்ள டியூபில் எடுக்கலாம். முடிந்தால் 4 மணி நேரத்துக்குள் தொடங்குங்கள். 24 மணி நேரம் வரை வைத்துச் செய்பவர்கள் உண்டு, ஆனால் பதில் தளரும், சில மாதிரிகளில் பின்னணியும் ஏறும். ஈடிடிஏ கால்சியத்தைக் கட்டிப்போடும் பொருள், ஆகவே அங்கே கால்சியத்தைப் பற்றிக் கட்டாயம் யோசிக்க வேண்டும். ஒரு மில்லி ரத்தத்துக்கு 1.8 மில்லிகிராம் என்ற வழக்கமான டியூபில் ஈடிடிஏ சுமார் 4.5 மில்லிமோலார். ரத்தத்தில் உள்ள மொத்தக் கால்சியமே சுமார் 2.5 மில்லிமோலார்தான். அதாவது முழுக் கால்சியமும் கட்டுண்டுவிடும், துகள் திறக்காது. பஃபரிலிருந்து வரும் கால்சியம் இதை மிஞ்சி நிற்க வேண்டும். டியூபைப் பாதி மட்டும் நிரப்பி அனுப்பினால் ஈடிடிஏ இரட்டிப்பாகி, அதே பஃபர் போதாமல் போகும். எல்லாமே நெகட்டிவ், பாசிட்டிவ் கன்ட்ரோலும் நெகட்டிவ் என்று வந்தால் முதலில் டியூப் எவ்வளவு நிரம்பியிருந்தது என்று பாருங்கள்.

ஒவ்வொரு டியூபிலும் 100 மைக்ரோலிட்டர் ரத்தம், அதே அளவு பஃபரில் கலந்த ஒவ்வாமைப் பொருள். பஃபரை முன்கூட்டியே 37 டிகிரிக்குச் சூடாக்கி வையுங்கள், 37 டிகிரி தண்ணீர்த் தொட்டியில் 15 முதல் 30 நிமிடம். சூட்டுக்காற்று அடுப்பு வேண்டாம்: டியூப் சூடேறுவதற்கே பத்து நிமிடம் போய்விடும், 15 நிமிடத் தூண்டலில் அது பெரும் பங்கு. நேரம் முடிந்ததும் டியூபைப் பனிக்கட்டியில் வைத்து, குளிர்ந்த ஈடிடிஏ கரைசலால் வினையை நிறுத்துங்கள். நிறுத்துவதில் டியூபுக்கு டியூப் நேரம் மாறினால் வளைவு கோணலாகும். பிறகு ஆன்டிபாடி கலவை, இருட்டில், 4 டிகிரியில் 20 நிமிடம். சிவப்பணுக்களை லைசிங் கரைசலால் 10 நிமிடத்தில் உடைத்து, சுழற்றி, மேல்திரவத்தைக் கொட்டி, மீண்டும் கலக்கி, அன்றே ஓட்டிவிடுங்கள்.

கன்ட்ரோல்கள் மூன்று. பஃபர் மட்டும் உள்ள நெகட்டிவ் டியூப். ஐஜிஇ வழியாகத் தூண்டும் பாசிட்டிவ் டியூப், அதாவது ஆன்டி-ஐஜிஇ அல்லது அந்த ஏற்பிக்கு எதிரான ஆன்டிபாடி. ஐஜிஇ-யைத் தொடாமல் தூண்டும் இன்னொரு பாசிட்டிவ், எஃப்எம்எல்பி என்ற சிறு பெப்டைடு 1 மைக்ரோமோலார். மூன்றாவதை வீண் என்று விட்டுவிடுபவர்கள் உண்டு. அது ஏன் வேண்டும் என்று கீழே வருகிறது.

எத்தனை அணு எண்ண வேண்டும்? கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மைக்ரோலிட்டருக்கு 7,000 வெள்ளணு, அதில் 0.5 சதவீதம் பேசோஃபில் என்றால் 100 மைக்ரோலிட்டரில் 3,500. கழுவலில் பாதி போனாலும் 1,500-க்கு மேல் மிஞ்சும். ஆகவே டியூபுக்கு 500 பேசோஃபில் என்பது எட்டக்கூடிய இலக்கு. 100 மட்டும் எண்ணிவிட்டு 5 சதவீதத்தை வரம்பாக வைத்தால், தீர்ப்பு ஐந்தே அணுக்களில் நிற்கிறது. ஐந்தில் இரண்டு கூடுவதும் குறைவதும் வெறும் தற்செயல். அந்த முடிவை வைத்து ஒருவரிடம் "இந்த மருந்து உங்களுக்கு ஆகாது" என்று சொல்லக் கூடாது.

ஒவ்வாமைப் பொருளை ஒரே அடர்த்தியில் போடுவது இந்தச் சோதனையைப் பாழாக்கும் பழக்கம். பதில் மணி வடிவ வளைவு: அடர்த்தி கூடக் கூட ஏறி, உச்சம் தொட்டு, பிறகு இறங்கும். பொருள் மிதமிஞ்சினால் ஒவ்வொரு ஐஜிஇ-யிலும் தனித்தனிப் பொருள் ஒட்டிக்கொண்டு, இணைப்பே நடக்காது. கடுமையான ஒவ்வாமை உள்ளவருக்கு ஒரே உயர் அடர்த்தி மட்டும் போட்டால் வளைவின் இறங்குமுகத்தில் விழுந்து குறைவாகக் காட்டலாம். உணவுப் புரதங்களுக்கு மில்லிக்கு 1 நானோகிராமிலிருந்து 10 மைக்ரோகிராம் வரை பத்து மடங்குப் படிகளாகப் போடுங்கள். அமாக்சிசிலின் போன்ற சிறு மூலக்கூறு மருந்துகளுக்கு இது போதாது. அவை புரதத்தில் ஒட்டினால்தான் இணைப்பு நடக்கும் என்பதால் மில்லிக்கு மில்லிகிராம் அளவு வரை போக வேண்டும். அந்த உயரத்தில் மருந்தே அணுவைக் கொல்லக்கூடும், ஆகவே செத்த அணுக்களைக் காட்டும் சாயம் ஒன்றைச் சேர்த்து அவற்றை விலக்குங்கள். சில மருந்துகள் தாமே ஒளிரும். மருந்து இருக்கிறது, ஆன்டிபாடி இல்லை என்ற ஒரு டியூப் அதைப் பிடித்துக் கொடுக்கும். மருந்துக் கரைசலை அன்றன்றைக்குத் தயாரியுங்கள். கிளாவுலானிக் அமிலம் போன்றவை கரைசலில் நிலைக்காது. ஃப்ளூரோகுயினலோன்கள் வெளிச்சத்தில் சிதையும்.

தோல் பரிசோதனைக்கு விற்கும் சாறுகளை அப்படியே எடுத்து ஊற்றாதீர்கள். அவற்றில் கிளிசரினும் பீனாலும் இருக்கும், இரண்டும் பேசோஃபிலுக்கு ஆகாதவை. கச்சாச் சாறுகளில் உள்ள லெக்டின்கள் (சர்க்கரையோடு ஒட்டும் புரதங்கள்) ஒவ்வாமை இல்லாதவரின் அணுக்களையும் சீண்டலாம். புதிய சாறு எதையும் முதலில் ஒவ்வாமை இல்லாத சிலரின் ரத்தத்தில் ஓட்டிப் பார்த்து, எந்த அடர்த்தியில் தானாகத் தூண்டுகிறது என்று தெரிந்துகொண்டு, அதற்குக் கீழே வேலை செய்யுங்கள்.

சிடி63-க்குக் கோடு போடும் இடத்தை நெகட்டிவ் டியூபை வைத்துத் தீர்மானியுங்கள். அதில் சுமார் 2.5 சதவீத அணுக்கள் கோட்டுக்கு மேல் இருக்கும்படி வைப்பது வழக்கம். பாசிட்டிவ் என்று சொல்லும் வரம்பு பொருளுக்குப் பொருள் மாறும். மருந்துகளில் 5 சதவீதமும் அதோடு நெகட்டிவைப் போல் இரு மடங்கும் என்று வைப்பார்கள். உணவு, பூச்சி விஷம் ஆகியவற்றில் 10 முதல் 15 சதவீதம். இவை தொடக்க எண்கள்தான். உங்கள் சாறு, உங்கள் கருவி, உங்கள் ஆன்டிபாடி ஆகியவற்றுக்கு, ஒவ்வாமை உறுதியானவர்களையும் இல்லாதவர்களையும் வைத்து வரம்பை நீங்களே நிறுவ வேண்டும். அப்படி ஒழுங்காகச் செய்தால் சோதனை எவ்வளவு நன்றாக வேலை செய்யும் என்பதற்கு, வேர்க்கடலை ஒவ்வாமை பற்றி 2014-இல் வெளியான லண்டன் ஆய்வு சாட்சி: குழந்தைகளில் துல்லியம் 97 சதவீதம்.

உச்சச் சதவீதத்தோடு நின்றுவிட வேண்டாம். பாதி உச்சத்துக்கு எவ்வளவு பொருள் தேவைப்பட்டது என்பது தனித் தகவல், அதுதான் அணுவின் உணர்திறன். அதன் தலைகீழ் மதிப்பை 100-ஆல் பெருக்கினால் சிடி-சென்ஸ். எவ்வளவு சிறிய அளவுக்கு ஒருவர் பாதிக்கப்படுவார் என்பதோடு இது ஒட்டி வருகிறது. ஒவ்வாமைப் பொருள் தந்த சதவீதத்தை ஆன்டி-ஐஜிஇ தந்த சதவீதத்தால் வகுத்தது, வேர்க்கடலையில் பாதிப்பின் கடுமையோடு ஒட்டி வந்திருக்கிறது. ஒவ்வாமைத் தணிப்புச் சிகிச்சை எடுப்பவரைத் தொடர்ந்து பார்க்கும்போது முழு ரத்தத்தில் செய்வதே பொருத்தம், ஏனென்றால் சிகிச்சையில் உருவாகும் தடுப்பு ஆன்டிபாடியான ஐஜிஜி4 பிளாஸ்மாவில் இருக்கிறது. அணுக்களைக் கழுவிவிட்டால் அந்தப் பாதுகாப்பும் கழுவப்பட்டுவிடும், முன்னேற்றம் கண்ணில் படாது.

இப்போது அந்த எஃப்எம்எல்பி டியூப். சுமார் பத்தில் ஒருவருடைய பேசோஃபில்கள் ஐஜிஇ வழியான எந்தத் தூண்டலுக்கும் அசைவதில்லை. இவர்களின் அணுக்களில் எஸ்ஒய்கே மிகக் குறைவு. ஆனால் எஃப்எம்எல்பி வேறு பாதையில் போவதால் அதற்கு நன்றாகவே திறக்கும். ஆன்டி-ஐஜிஇ நெகட்டிவ், எஃப்எம்எல்பி பாசிட்டிவ் என்றால் அவர் இந்த வகை. அங்கே ஒவ்வாமைப் பொருளுக்கு வந்த நெகட்டிவ் ஒரு விடையே இல்லை. அறிக்கையில் "நெகட்டிவ்" என்று எழுதாதீர்கள், "விடை பெற இயலவில்லை" என்று எழுதுங்கள். இரண்டு வார்த்தை மாறினால் ஒருவர் தனக்கு ஆகாத ஊசியைப் போட்டுக்கொள்ளும் நிலை வரும். இரண்டு பாசிட்டிவும் செத்துக் கிடந்தால் கோளாறு மாதிரியில் அல்லது பஃபரில். ரத்தத்தைத் திரும்ப எடுக்க வேண்டியதுதான்.

இரண்டு குறிப்பான்களும் முரண்பட்டால்? சிடி203சி ஏறி சிடி63 ஏறவில்லை என்றால், பஃபரில் இன்டர்லூகின்-3 இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அணு விழித்தது, துகள் திறக்கவில்லை என்று பொருள்; அடர்த்தியைப் படியாக மாற்றி மறுபடி ஓட்டுங்கள். எந்த அடர்த்தியிலும் சிடி63 வராவிட்டால் சிடி203சி-யை மட்டும் வைத்து ஒவ்வாமை என்று சொல்ல நான் துணிய மாட்டேன். சிடி63 ஏறி சிடி203சி அசையாமல் இருந்தால் முதல் சந்தேகம் தட்டணு மேல். செயல்பட்ட தட்டணுவின் மேற்பரப்பிலும் சிடி63 உண்டு, அது பேசோஃபிலோடு ஒட்டிக்கொண்டால் பேசோஃபில் திறந்தது போலவே தெரியும். சிடி61 அல்லது சிடி42பி ஆன்டிபாடி சேர்த்துப் பார்த்தால் வெளிப்பட்டுவிடும். ரத்தம் எடுக்கும்போது சிரமப்பட்ட மாதிரிகளிலும், போக்குவரத்தில் குலுங்கியவற்றிலும் இது அதிகம். நெகட்டிவ் டியூபிலேயே சிடி63 ஏறிய அணுக்கள் தெளிவாகத் தனிக் கூட்டமாகத் தெரிந்தால் மேற்கொண்டு எதையும் படிக்க வேண்டாம்.

நோயாளி தரப்பில் கேட்க வேண்டியவை சில. ஆன்டிஹிஸ்டமின் மாத்திரையை நிறுத்தத் தேவையில்லை: அது வெளியேறிய ஹிஸ்டமினைத் திசுக்களில் தடுக்கிறது, பேசோஃபில் திறப்பதைத் தடுப்பதில்லை. தோல் பரிசோதனையைவிட இந்தச் சோதனைக்கு உள்ள பெரிய வசதி இது. வாய் வழி ஸ்டீராய்டும் சைக்ளோஸ்போரினும் பதிலைக் குறைக்கும். ஐஜிஇ-யைத் தடுக்கும் மருந்தான ஒமாலிசுமாப் எடுப்பவர்களில் ஏற்பிகளே குறைந்திருக்கும். கடுமையான ஒவ்வாமைத் தாக்குதல் நடந்த உடனே ரத்தம் எடுத்தால் அணுக்கள் ஓய்ந்து போயிருக்கும், 4 முதல் 6 வாரம் பொறுத்து எடுங்கள். மருந்து ஒவ்வாமையில் ரொம்பவும் பொறுக்கவும் கூடாது. ஒரு வருடம் தாண்டினால் பீட்டா லாக்டம் (பென்சிலின் வகை) ஒவ்வாமை உள்ளவர்கள் பலரில் பதில் மறைந்துவிடுகிறது.

கடைசியாக, இந்தச் சோதனை வாய் திறக்காத இடங்கள். பேசோஃபில் ஐஜிஇ வழியை நன்றாகக் காட்டும், திசுக்களில் இருந்து ஹிஸ்டமினை வெளிவிடும் மாஸ்ட் அணுவின் எல்லா வழிகளையும் காட்டாது. வேன்கோமைசின், ஃப்ளூரோகுயினலோன்கள், மயக்க மருந்தோடு தரும் தசைத் தளர்த்திகள் சில ஆகியவை எம்ஆர்ஜிபிஆர்எக்ஸ்2 என்ற ஏற்பி வழியாக மாஸ்ட் அணுவை நேரே திறக்க வல்லவை; 2015-இல்தான் இந்த வழி தெளிவானது. ஓய்விலிருக்கும் பேசோஃபிலின் மேற்பரப்பில் இந்த ஏற்பி மிகக் குறைவு. வலி நிவாரணிகள் காக்ஸ்-1 நொதியைத் தடுப்பதால் வரும் தடிப்பும் மூச்சுத் திணறலும் இங்கே நம்பகமாகத் தெரிவதில்லை. இந்த மருந்துகளில் சிடி63 நெகட்டிவ் வந்தால், "ஐஜிஇ வழியாக இல்லை" என்பது மட்டுமே அதன் பொருள். மருந்து பாதுகாப்பானதா என்பதை மருத்துவமனையில், கண்காணிப்பில், படிப்படியாகக் கொடுத்துப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.